மாவு மில்லில் நாலு வருஷமாக ஒரு டிரைவ்

மில் மோட்டாரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற பெட்டிக்கு டிரைவ் என்று பெயர். போன வாரம் அதற்குள் இருக்கிற குட்டி ஃபேனை மாற்றினேன். நாலு வருஷத்தில் இது மூன்றாவது. அன்று சாயங்காலமே அம்பாசமுத்திரத்தில் ரைஸ்மில் வைத்திருக்கும் அத்தான் போன் போட்டு, "மாப்ள, அந்தப் பெட்டி எப்படி? நானும் மாட்டலாம்னு பாக்கேன்" என்றார். எனக்குக் கையெல்லாம் மாவு, மூக்குமேல் கோபம். அவரிடம் சொன்னதையும் கோபத்தில் சொல்லாமல் விட்டதையும் சேர்த்து எழுதுகிறேன்.

வீரவநல்லூரில் இருக்கும் என் மில்லில் 10 எச்.பி. மோட்டார். அப்பா காலத்து மோட்டாருக்கு மூன்று தடவை காயில் கட்டியாகிவிட்டது. நாலாவது தடவை புகைந்ததும் ஐ.இ.3 மோட்டார் (ஐ.இ. என்பது மோட்டாரின் திறன் வகை, எண் கூடினால் திறன் கூடும்), பல் வெட்டிய பெல்ட், டிரைவ் மூன்றையும் ஒரே மூச்சில் மாட்டினேன். மாதம் 620 யூனிட் வாக்கில் ஓடிய மீட்டர் 555க்கு இறங்கியது. நம் நாட்டுக் கரண்டில் யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு என்று கணக்கு. ஆக, மாதம் 45 கிலோ குறைந்திருக்கிறது. கயத்தாறில் கரண்ட் எடுக்கும் காற்றாடி இத்தனையைப் பார்த்துக்கொண்டே நிலக்கரிக் கணக்கு போடுகிறாயே என்பீர்கள். கம்பியில் எல்லாம் கலந்துதானே வருகிறது.

விற்றவர் இந்தப் பெருமை முழுவதையும் டிரைவுக்கே கொடுத்தார். அங்கேதான் எனக்கு வயிற்றெரிச்சல். இந்த அளவு மோட்டாரில் ஐ.இ.1 என்றால் திறன் 86 சதவீதம், ஐ.இ.3 என்றால் 90.4. காயில் கட்டிக் கட்டிப் பழசு 86க்கும் கீழே போயிருக்கும். மிச்சமானது மோட்டாராலும் பெல்ட்டாலும்தான். அரைக்கும்போது எனக்கு முழு வேகம் வேண்டும். முழு வேகத்தில் டிரைவ் எதையும் மிச்சம் பிடிக்காது; தான் சூடாவதற்கென்று கொஞ்சம் கரண்டைத் தின்னும். மிளகாய்க்கு மட்டும் வேகத்தைக் குறைத்து வைப்பேன். அதிகம் சூடேறாமல் நிறம் நன்றாக இருக்கும், ஆனால் நேரம் கூடிவிடும், யூனிட் அதே அளவுதான்.

இனி தூசி. பெட்டியின் முதுகில் அலுமினியத் தகடுகள் வரிசையாக இருக்கும். பெட்டிக்குள் எழும் சூடு அதில் இறங்கும், அந்தச் சூட்டை வெளியே தள்ளத்தான் குட்டி ஃபேன். மில்லுக்குள் அந்த ஃபேன் காற்றையா இழுக்கும்? பச்சரிசி மாவை இழுக்கும். மழைக்காலத்தில் அது தகடுகளுக்கு நடுவே அப்பி, தோசைக்கல்லில் காய்ந்த மாவு மாதிரி இறுகிவிடும். அப்புறம் திரையில் இரண்டு எழுத்து மின்னும், மோட்டார் நிற்கும். சவம், சும்மா கிடக்கிற நாளில் நிற்காது. பொங்கலுக்கு முந்தின வாரம், வாசல் வரை தூக்குவாளி வரிசை இருக்கும்போதுதான் நிற்கும். பெயின்ட் பிரஷ்ஷால் தட்டித் தட்டி எடுத்து, ஆறும் வரை பத்து நிமிஷம் ஊரார் முகத்தைப் பார்க்காமல் உட்கார்ந்திருப்பேன். பெட்டியைச் சுவருக்கு அந்தப்பக்கம் மாட்டச் சொல்ல எவருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான்.

ஒன்றை மட்டும் ஒத்துக்கொள்ள வேண்டும். முன்பெல்லாம் ஸ்டார்ட்டர் கைப்பிடியை இழுத்தால் எதிர் டீக்கடையில் பல்பு மங்கி எரியும். "அண்ணாச்சி மில்லு போட்டாச்சு" என்பார்கள். இப்போது மோட்டார் முனகிக்கொண்டே மெதுவாக எழுந்து வருகிறது, டீக்கடை வெளிச்சம் அசைவதில்லை. பெல்ட்டும் முதல் நாளிலிருந்து அதே பெல்ட்தான். காலையில் அந்த முனகலைக் கேட்க எனக்குப் பிடித்திருக்கிறது.

அத்தான் கதை வேறு. நெல் காயவைக்கும் டிரையரில் அவருக்குப் பெரிய ப்ளோயர் ஓடுகிறது, ஈரம் குறைந்த பிறகும் அதே வேகத்தில். காற்றுத் தள்ளுகிற ஃபேனுக்கு வேகத்தை ஐந்தில் ஒரு பங்கு குறைத்தால் போதும், கரண்ட் ஏறக்குறையப் பாதியாகும். அங்கே இந்தப் பெட்டி காசை எடுத்துவிடும். தாழையூத்து மாதிரி சிமென்ட் ஆலை என்றால் கணக்கு இன்னும் வேறு. அங்கேயும் பெரிய ஃபேன்கள் உண்டு, டிரைவ் உதவும். ஆனால் அந்தத் தொழிலில் வரும் கார்பனில் பாதிக்கு மேல் சுண்ணாம்புக்கல்லைச் சுடும்போது கல்லிலிருந்தே வருகிறது. அதற்கு எந்த மோட்டாரை மாற்ற?

அத்தானுக்குச் சொன்னது: ப்ளோயருக்கு மாட்டுங்க, தவிடு பறக்கிற பக்கம் மட்டும் வைக்காதீங்க. மாவு மில் வைத்திருப்பவர்கள் மோட்டாரையும் பெல்ட்டையும் மாற்றுங்கள், டிரைவ் வேண்டாம். போன மாதம் ஒருவர் என் பெட்டியை விலைக்குக் கேட்டார். தரமாட்டேன் என்றுவிட்டேன்.