10×50 பைனாகுலர்: அனுஷத்தின் சொந்தபந்தங்களைப் பார்க்க எது சரி?

அனுஷத்தின் மூன்று விண்மீன்களும், அருகில் சிவந்து தெரியும் கேட்டையும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். ஒரே வாயு மேகத்தில் பிறந்து, ஈர்ப்பால் கட்டிவைக்க முடியாமல் மெல்லக் கலைந்துகொண்டிருப்பவை. (கேட்டை சிவந்தது நாள் பல ஆனதால் அல்ல; எடை கூடுதல், எரிபொருளைச் சீக்கிரம் தீர்த்துவிட்டது.) இத்தகைய இளம், பெரும், பேரொளி மீன்களின் திரளுக்கு ஓ.பி. கூட்டம் என்று பெயர். ஓ, பி இரண்டும் மிகச் சூடான மீன் வகைகள். இவற்றைத் தனி இனமாக 1947-இல் அடையாளம் காட்டியவர் விக்டர் அம்பார்ட்சூமியான்.

நமக்கு மிக அருகில் உள்ள விருச்சிகம்–சென்டாரஸ் கூட்டம் சுமார் 400 ஒளியாண்டுத் தொலைவில், அனுஷத்திலிருந்து தென்சிலுவை வரை சிதறிக் கிடக்கிறது. இதற்குப் போய் 60 மி.மீ. டெலஸ்கோப் வாங்குவது வீண். அதில் ஒன்றிரண்டு டிகிரிக்கு மேல் அகப்படாது. 10×50 (பத்து மடங்குப் பெருக்கம், 50 மி.மீ. முன்வில்லை) போரோ பைனாகுலரில், அதாவது குழல் வளைந்த வழக்கமான வடிவத்தில், ஆறரை டிகிரி தெரியும். 7×50-இல் இன்னும் விரிவாகத் தெரியும்தான். ஆனால் கண்வில்லையில் வெளிவரும் அதன் ஒளிவட்டம் 7 மி.மீ., ஓசூர் வெளிச்சம் ஏறிய வானத்தைச் சாம்பலாக்கிவிடும். 10×50-இன் 5 மி.மீ. வட்டம் வானத்தைக் கறுப்பாகக் காட்டும். 15×70-ஐக் கையில் பிடித்து நிற்க ஆகாது.

கடையில் சோதிக்க வேண்டியவை நான்கு. முதலில் பைனாகுலரை ஒரு அடி தள்ளிப் பிடித்து, வெளிச்சமான வானத்தை நோக்கிக் கண்வில்லையில் தெரியும் ஒளிவட்டத்தைப் பாருங்கள். ஓரங்கள் வெட்டுப்பட்டு, சதுரச் சாயலில் சாம்பல் தட்டினால் உள்ளே இருப்பது மலிவான பிகே-7 கண்ணாடிப் பட்டகம் (ப்ரிஸம்). முழு வட்டமாக இருந்தால் அதைவிட நல்ல பேக்-4 கண்ணாடி. அடுத்து, தூரப் பொருளுக்கு ஃபோகஸ் வைத்துவிட்டு, கண்வில்லைக்குப் பின்னால் சற்றுத் தள்ளி மொபைல் டார்ச்சைப் பிடியுங்கள். முன்வில்லை வழியே வரும் வட்டத்தை வெள்ளைத் தாளில் விழவைத்து அளவுகோலால் அளக்க வேண்டும். 50 மி.மீ. வர வேண்டிய இடத்தில் 40 வந்தால் உள்ளே ஒளியை அடைத்திருக்கிறார்கள். மூன்றாவது, தூரத்து விளக்கைப் பாருங்கள். அது இரண்டாகப் பிரிந்தால் பட்டகம் நகர்ந்திருக்கிறது. அதைத் திருப்பிக் கொடுத்துவிடுவதே மேல். கடைசியாக, இரு குழல்களும் சேரும் கீலின் முனையில் சின்ன மூடியைத் திருகிக் கழற்றுங்கள். உள்ளே கால் அங்குல மரை இல்லாத மாடல் நமக்கு ஆகாது, ட்ரைபாட் அடாப்டர் அதில்தான் மாட்டும். சிவப்புப் பூச்சு வில்லையும், ஜூம் மாடலும் பக்கமே போக வேண்டாம். கண்ணாடி அணிவோர் கண்விலகல் (கண்வில்லைக்கும் கண்ணுக்கும் இடையே விடக்கூடிய தூரம்) 15 மி.மீ.க்குக் குறையாமல் வாங்கவும், 12 மி.மீ. மாடலில் பார்வைப் பரப்பின் ஓரம் காணாமல் போகும்.

தர்மபுரி 12 டிகிரி வட அட்சத்தில் இருப்பது பெரிய வரம். ஜவ்வாது மலையில் காவலூர் ஆய்வகம் அமைந்ததற்கும் இதே அட்சம் ஒரு காரணம்: தென்வானம் நன்றாக எழும்பும். மே நடுவில் இரவு ஒன்பதே கால் மணிக்குத் தென்சிலுவை தெற்கே உச்சத்தில், தொடுவானத்திலிருந்து 15–20 டிகிரியில் நிற்கும். அதன் தலையில் உள்ள செம்மஞ்சள் மீன் 88 ஒளியாண்டில் இருக்கும் அயலான். அடிமீனும் இடப்பக்கத்து மீனும்தான் அனுஷத்தின் சொந்தம். வத்தல்மலை மேலிருந்து தெரியும். தொப்பூர் பக்கம் மலைகள் மறைத்துவிடும். கோடைத் தூசியில் வானத்தின் அடிப்பகுதி மங்கிவிடும், ஒரு மழை பெய்த மறுநாள் பாருங்கள். தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி வானம் கறுப்புதான். ஆனால் இரவில் காட்டோரம் யானை நடமாட்டம், அங்கே போகாதீர்கள்.

இந்தக் கருவி காட்டும் உச்சக் காட்சி விருச்சிகத்தின் வாலருகே ஜீட்டா மீன். ஏப்ரல் நடுவில் அதிகாலை மூன்றரைக்கு 36 டிகிரி உயரத்தில் இருக்கும். அங்கே ஒட்டியிருக்கும் இரண்டில் செம்மஞ்சள் மீன் நமக்குப் பக்கத்து வீட்டுக்காரர். நீல மீன் 5,000 ஒளியாண்டுக்கும் அப்பாலுள்ள விருச்சிகம் ஓ.பி.1 கூட்டத்தின் பூதம். அதன் வடக்கே என்.ஜி.சி. 6231 என்ற விண்மீன் கொத்து, அதற்கும் மேலே டிரம்ப்ளர் 24 என்ற கொத்து. எல்லாம் ஒரே பார்வையில் அடங்கி, வால்மீன்போல் நீளும்.

பிப்ரவரி கடைசியில் இரவு பத்து மணிக்குத் தெற்கே வேலா விண்மீன் குழுவின் காமா மீனைப் பிடியுங்கள். 41 விகலை (ஒரு டிகிரியில் 3,600 விகலை) இடைவெளியில் உள்ள துணைமீன் ட்ரைபாடில் பிரியும், கையில் பிடித்தால் பிரியாது. ட்ரைபாட் வாங்கலாமா என்று யோசிப்பவர்களுக்கு இதுவே பதில்.

ஓரியனில் மட்டும் ட்ரைபாடே சங்கடம். நம் ஊரில் அதன் இடைவார் (நடுவே வரிசையாக நிற்கும் மூன்று மீன்கள்) 77 டிகிரி வரை ஏறிவிடும்; நேர்ப்பார்வைக் கருவிக்குக் கழுத்து ஒடியும். கயிற்றுக் கட்டிலில் மல்லாந்து, முழங்கையை விலாவில் ஊன்றிப் பாருங்கள், அல்லது மார்ச் கடைசியில் எட்டேகால் மணிக்கு மேற்கே 45 டிகிரிக்கு இறங்கும்வரை காத்திருங்கள். இடைவார் மீன்களுக்கு நடுவே வெறுங்கண்ணில் தெரியாத சின்ன மீன்கள் சங்கிலியாகக் கொட்டிக் கிடக்கும். அவையும் ஒரு ஓ.பி. கூட்டமே. கீழே வாளில் ஓரியன் ஒளிமுகில் பஞ்சுபோல் தெரியும். ஆனால் அதை ஒளிரவைக்கும் நான்கு மீன்கள் பத்து மடங்கில் ஒரே புள்ளிதான்.

குறைகளும் உண்டு. ஓரத்து மூன்றிலொரு பங்கில் மீன்கள் வால்முளைத்துச் சிதையும். வலக்கண்ணுக்குத் தனியாக ஃபோகஸ் வைக்கும் திருகு பையில் உரசித் தானே நகரும்; சரியான அளவில் வெள்ளைப் புள்ளி வைத்துக்கொள்ளுங்கள். சிக்னஸ் ஓ.பி.2 போன்ற கூட்டம் தூசிக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது, அதற்கு இந்தக் கருவியைக் குறை சொல்லக் கூடாது. பேருந்தில் கொண்டு போனால் மடியில் வையுங்கள், மேல்தட்டில் குலுங்கினால் பட்டகம் நகரும். தளி பக்கத்துப் பனியில் நனைந்ததை உடனே மூடிவைத்தால் வில்லைக்குள் பூஞ்சை பிடிக்கும். அறையில் திறந்து உலரவிட்டு, பிறகு சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு காற்றுப் புகாத டப்பாவில் போடுங்கள்.