வைஃபை இருக்கிறது என்று சொல்லி விற்ற கேமரா

பழைய ஸ்டாக் கேமராவோ ஏற்கெனவே ஒருவர் வைத்திருந்த கேமராவோ வாங்கப் போகிறவர்கள், இதைப் படித்துவிட்டுக் கடைக்குப் போங்கள். பெட்டி மேல் வைஃபை என்று போட்டிருந்தால் படம் தானாகப் போனுக்கு வந்துவிடும் என்று சொல்லித்தான் என் தலையில் ஒன்றைக் கட்டினார்கள்.

நான் கேட்டது ஒன்றே ஒன்று. எடுத்த படத்தைக் கணினியில் போடாமல், நேராகப் போனுக்கு மாற்ற முடியுமா? "ஒரே பட்டன் சார், அடுத்த நிமிஷம் வாட்ஸ்அப்ல போட்டுடலாம்" என்றார் விற்றவர். மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு போனை எடுத்து, கேமரா கம்பெனியின் ஆப்பைத் திறந்து செய்தும் காட்டினார். கார்டில் இருந்த படங்கள் சின்னச் சின்னக் கட்டங்களாகத் திரையில் வந்து நின்றன. வித்தை அத்தோடு முடிந்தது. அந்தக் கட்டங்கள் வெறும் முன்னோட்டம்தான். ஒரு படம்கூடப் போனுக்குள் இறங்கவில்லை.

வீட்டுக்கு வந்து என் போனில் தேடினால் ஸ்டோரில் அந்த ஆப்பே இல்லை. கேமரா கம்பெனி அதைக் கைவிட்டுவிட்டு, புது மாடல்களுக்கு வேறொரு ஆப் கொடுத்திருக்கிறது. அதன் பட்டியலில் என் மாடல் கிடையாது. இழுப்பறைப் போனில் மட்டும், எப்போதோ போட்ட பழைய ஆப் அப்படியே கிடக்கிறது. கடைக்காரருக்கு விஷயம் தெரியாது என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். தெரியாதவர் எதற்காக டெமோ காட்டத் தனிப் போன் வைத்திருக்கிறார்?

கேமராவில் இருக்கும் வைஃபை தன்னால் எதையும் அனுப்பாது. பெரும்பாலான மாடல்களில் கேமரா தானே ஒரு சின்ன நெட்வொர்க்கை உருவாக்கும்; போன் அதில் போய்ச் சேரும்; அதன்பின் படத்தைக் கேட்டு வாங்கி இறக்குவதெல்லாம் ஆப்பின் வேலை. கேமரா பல வருஷம் உழைக்கும், ஆப்புக்கு அந்த ஆயுசு கிடையாது. 2017-ல் ஐஓஎஸ் 11 வந்தபோது 32-பிட் என்ற பழைய முறையில் எழுதிய ஆப்கள் அத்தனையும் ஒரேயடியாக நின்றுபோயின. 2019-ல் வந்த ஆண்ட்ராய்டு 10, ஆப்கள் போனின் வைஃபையைக் கையாளும் விதத்தையே மாற்றியது. கம்பெனி உட்கார்ந்து ஆப்பைத் திருத்திக் கொடுத்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை. மெமரி கார்டுக்குள்ளேயே வைஃபையை வைத்து விற்ற ஐ-ஃபை நிறுவனம், தன் எக்ஸ்2 வரிசைக் கார்டுகளுக்கான ஆதரவை 2016 செப்டம்பரில் நிறுத்திக்கொண்டது. கார்டு நன்றாக இருந்து என்ன பயன்?

சரி, சர்வீஸ் சென்டரில் கேட்போம் என்று போனேன். ஃபர்ம்வேர், அதாவது கேமராவுக்குள் இருக்கும் மென்பொருள், அதற்கு அப்டேட் போட்டால் புது ஆப்போடு ஒட்டிக்கொள்ளும் என்று சொல்லிக் கட்டணம் வாங்கினார்கள். கொடுப்பதற்கு முன்பு மெனுவில் இருந்த வெர்ஷன் எண்ணைப் படம் எடுத்து வைத்திருந்தேன். திரும்பி வந்த கேமராவிலும் அதே எண். கேட்டதற்கு, "உங்க போன்லதான் பிரச்சினை" என்ற பதில். இவர்கள் காசு வாங்கிய அந்த அப்டேட், வந்திருந்தால் கம்பெனியின் தளத்தில் இலவசமாகவே கிடைக்கும். ஃபைலை இறக்கி, கார்டில் எந்த ஃபோல்டருக்குள்ளும் போடாமல் நேராகப் போட்டு, பேட்டரியை முழுக்கச் சார்ஜ் செய்துவிட்டு மெனுவிலிருந்து ஓட்டினால் பொதுவாக வேலை முடிந்துவிடும். என் மாடலுக்குப் புது ஃபர்ம்வேரே வந்திருக்கவில்லை என்பதை அந்தத் தளத்தில்தான் பார்த்தேன்.

அடுத்தது இன்னும் மோசம். ஸ்டோரில் கேமரா பிராண்டின் பெயரைப் போட்டுத் தேடினால், அதே நிறம், அதே மாதிரி ஐகானோடு வேறு ஆட்கள் செய்த ஆப்கள் வரிசையில் நிற்கும். அதில் ஒன்று என் மாடல் பெயரையே விளக்கத்தில் போட்டிருந்தது. மூன்று நாள் இலவசம் என்றது, பணம் கட்டும் கார்டின் விவரம் கேட்டது. படம் ஒன்றும் வரவில்லை, அழித்துவிட்டேன். பிறகு வாராவாரம் பணம் போக ஆரம்பித்தது. ஆப்பை அழித்தால் சந்தா நிற்காது, இதை எல்லோரிடமும் சொல்லுங்கள். ஆண்ட்ராய்டில் பிளே ஸ்டோருக்குள் சந்தாக்கள் பகுதியிலும், ஐபோனில் செட்டிங்ஸில் உங்கள் பெயரைத் தொட்டால் வரும் சந்தாக்கள் பகுதியிலும் போய் ரத்து செய்தால்தான் நிற்கும். பழைய ஆப்பின் ஏபிகே (ஸ்டோர் இல்லாமல் ஆண்ட்ராய்டில் நேராகப் போடும் ஆப் ஃபைல்) தருகிறோம் என்று கூவும் தளங்கள் பக்கம் நான் போகவே இல்லை.

கடைசியில் தம்பியின் பழைய போனில் அந்த ஆப் இருந்தது. அதில்தான் மிச்சக் கதையும் வெளுத்தது. 24 மெகாபிக்சல் கேமராவில் 6000-க்கு 4000 என்று எடுத்த படம், போனுக்கு வரும்போது 2 மெகாபிக்சலாகச் சுருங்கி வருகிறது. பன்னிரண்டில் ஒரு பங்கு! போன் திரையில் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. பெரிதாக்கினாலோ பிரிண்ட் போட்டாலோ தெரியும். சில ஆப்களில் முழு அளவில் இறக்கும் செட்டிங் உண்டு, இதில் அதுவும் இல்லை. ரா ஃபைல்கள் (கேமரா பதப்படுத்தாமல் வைக்கும் மூலப் படங்கள்) பட்டியலிலேயே காட்டப்படவில்லை.

நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். நல்ல கேமரா, நல்ல ஆப் இருந்தும் இணைப்பு அறுந்தால் அது மோசடி அல்ல. கேமராவின் வைஃபையில் இணையம் இருக்காது. அதைப் பார்த்ததும் போன் மொபைல் டேட்டாவுக்குத் தாவிவிடும். இணைப்பிலேயே இரு என்று சொல்ல வேண்டும், அல்லது டேட்டாவை அணைக்க வேண்டும். ஐஓஎஸ் 14-லிருந்து லோக்கல் நெட்வொர்க் அனுமதி கேட்கும், அதையும் கொடுக்க வேண்டும்.

வாங்குமுன் உங்கள் சொந்தப் போனில், உங்கள் கையாலேயே ஸ்டோரிலிருந்து ஆப்பை இறக்கிப் பாருங்கள். வெளியிட்டவர் இடத்தில் கேமரா கம்பெனியின் பெயர் இருக்கிறதா, கடைசியாக எப்போது அப்டேட் வந்தது என்றும் பாருங்கள். பிறகு ஒரு படத்தை முழுதாக இறக்கி, கேமராவை அணைத்துவிட்டு, போனின் கேலரியில் அதன் அளவைப் பாருங்கள். கடைக்காரர் நெளிந்தால் நடையைக் கட்டுங்கள்.

என் கேமராவைக் கடையில் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை. "வைஃபைன்னு போட்டிருக்கு, வைஃபை இருக்குல்ல சார்" என்றார்கள். சந்தாவில் போனதில் ஒரு பகுதியை ஸ்டோர் திருப்பித் தந்தது. இப்போது டைப்-சி கார்டு ரீடரைப் போனில் செருகிப் படம் இறக்குகிறேன், ரா உட்பட எல்லாம் முழு அளவில் வருகிறது. 32 ஜிபிக்கு மேற்பட்ட கார்டுகள் எக்ஸ்ஃபேட் என்ற ஃபைல் சேமிப்பு முறையில் இருப்பதால், சில பழைய ஆண்ட்ராய்டு போன்கள் கார்டு கெட்டுவிட்டது, ஃபார்மட் செய்யவா என்று கேட்கும். அதைத் தொட்டுவிடாதீர்கள், கார்டு நன்றாகத்தான் இருக்கும். வேறு போனில் போட்டுப் பாருங்கள்.