செவ்வாய்ப்பேட்டையில் வாங்கிய எவர்சில்வர் தூக்குப்போசியும் கஞ்சமலை இரும்பும்

சேலம் செவ்வாய்ப்பேட்டையின் பாத்திரக் கடை ஒன்றில் வாங்கிய தூக்குப்போசியும் வட்டில்களும் எங்கள் வீட்டில் நெடுநாளாகப் புழங்குகின்றன. வட்டில்களில் குறையேதும் இல்லை. போசியின் வாய்விளிம்பு கையைக் கீறாதபடி நன்றாகச் சுருட்டப்பட்டிருக்கிறது. புளிக்குழம்பை இரவு முழுவதும் வைத்திருந்தும் உட்புறத்தில் புள்ளி விழவில்லை. காதுகளைப் பற்றவைத்த இடத்தில் மட்டும் ஒரு நீலக்கறை, எவ்வளவு தேய்த்தும் போகாமல் நிற்கிறது. மூடி சற்றுத் தளர்வு. ரசம் கொண்டு போனால் சிந்தும்.

"இது நம்ம கஞ்சமலை இரும்புங்க" என்று சொல்லித்தான் கடைக்காரர் விற்றார். அந்தப் பேச்சுக்கு மதிப்பெண் தர இயலாது. சேலத்தை அடுத்த கஞ்சமலையின் காந்தக்கல் தாதுவில் இரும்பு ஏறக்குறைய 35 விழுக்காடுதான். 1830களில் ஆங்கிலேயரான ஜோசையா மார்ஷல் ஹீத் சேலம் வட்டாரத் தாதுவைப் பரங்கிப்பேட்டைக்குக் கொண்டுபோய் மரக்கரியில் உருக்கினார். அந்தத் தொழில் பின்னர் கிழக்கிந்திய இரும்புக் கம்பெனியின் கைக்கு மாறியும் நிலைக்கவில்லை. இந்தத் தாதுவையும் நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியையும் நம்பியே சேலத்துக்கு உருக்காலை கேட்கப்பட்டது. 1970இல் அடிக்கல் நாட்டப்பட்டு 1981இல் உற்பத்தியைத் தொடங்கிய ஆலையோ, வெளியிலிருந்து வந்த எஃகைத் துருப்பிடிக்காத தகடாக உருட்டும் ஆலையாகவே அமைந்தது. எஃகை அங்கேயே உருக்கும் உருக்குக்கூடம் வந்தது 2010இல்தான். பொதுத்துறையின் செயில் நிறுவனத்துக்குச் சொந்தமான அந்த ஆலையைத் தனியாருக்கு விற்க 2019இல் விருப்ப மனுக்கள் கோரப்பட்டன. தொழிலாளர்களும் ஊராரும் எதிர்த்த அந்த முயற்சி 2023இல் கைவிடப்பட்டது. ஆலை கை மாறவில்லை, மலைத் தாது அதற்குள் போகவுமில்லை.

அந்த ஆலை தருவது தகடு. பாத்திரமாக அடிப்பவர்கள் வேறு பட்டறைக்காரர்கள். ஆகவே 'சேலம்' என்ற பேச்சைவிடத் தகட்டின் தரத்தைக் கேட்பதே பயன் தரும். துருப்பிடிக்காத எஃகின் 304 என்ற தரத்தில் குரோமியம் ஏறத்தாழ 18, நிக்கல் 8 விழுக்காடு இருக்கும். 200 வரிசை என்ற இன்னொரு வகையில் நிக்கலைக் குறைத்து மாங்கனீசு சேர்ப்பார்கள், அதனால் விலை மலிவு. காந்தம் வைத்துப் பார்ப்பது நம்மூர் வழக்கமென்றாலும், இவ்விரண்டிலுமே காந்தம் சரியாக ஒட்டாது என்பதால் அந்தச் சோதனை இங்கே உதவாது. எடையும் தரமும் எழுதிய பில்லைக் கேட்டபோது கடைக்காரர் தயங்காமல் தந்தார். இந்தக் கடைக்கு மறுபடி போக எனக்கு அது ஒன்றே போதும். தூக்குப்போசி வாங்குவோர் மட்டும் தண்ணீர் ஊற்றிச் சாய்த்துப் பார்த்து, மூடி இறுக்கமாக உள்ளதாகத் தேர்ந்தெடுக்கவும்.