மெனுவை விரித்து வைப்பதா, மடித்து வைப்பதா?

திருமலையில் (திருகோணமலையில்) ஒரு கொமினிகேஷன் கடையை எடுத்துக்கொள்ளுங்கள். மரண அறிவித்தல், சுயவிபரக்கோவை, கோயில் திருவிழா நோட்டீஸ், கச்சேரிக்கு (மாவட்டச் செயலகத்துக்கு) கொடுக்கிற விண்ணப்பம் என்று நாள் முழுக்க டைப் செட்டிங் வேலை. அதே ஊரில் விடியற்காலை வள்ளத்தால் இறங்கி, ஈரம் காயாத கையோடு போனை எடுக்கிற சம்மாட்டியும் (மீன்பிடி வள்ளச் சொந்தக்காரர்) இருக்கிறார். மென்பொருள் இலகுவாக இருக்கவேணும் என்று இரண்டு பேரும்தான் சொல்வார்கள். கேட்பது வேறு வேறு.

முதலில் கடை. மைக்ரோசொப்ட் ஒபிஸ் 2000 பதிப்பில் மெனுவைத் திறந்தால் சுருக்கமான பட்டியல்தான் வரும். அடிக்கடி தொடாத கட்டளைகள் ஒளிந்திருக்கும். அடியிலுள்ள இரட்டை அம்புக்குறியை அழுத்தினால் அல்லது கொஞ்சம் காத்திருந்தால் மிச்சம் விரியும். பார்வைக்குத் துப்புரவு. ஆனால் பாவனையைப் பொறுத்துப் பட்டியலே மாறிக்கொண்டிருக்கும். நேற்று மூன்றாவதாக இருந்த கட்டளை இன்றைக்கு ஐந்தாவது. பார்க்காமலே மவுஸை நகர்த்துகிற கைக்கு இதைவிடப் பெரிய தொல்லை இல்லை. இங்கே சொல்லப்போகிற வடிவமைப்புகளில் ஆகமோசமானது இதுதான் என்பேன்.

ஒபிஸ் 2007இல் மெனுவுக்குப் பதிலாக வந்த ரிப்பன் என்கிற மேல்பட்டை நேர்மாறு. கட்டளைகளை டேப் டேப்பாகப் பிரித்துப் பரப்பி வைத்தது. ஒவ்வொன்றும் தன் இடத்தை விட்டு அசையாது. அதைவிட நல்ல வேலை, நோட்டீஸில் உள்ள படத்தைக் கிளிக் பண்ணினால் மட்டும் படத்துக்கான டேப் தலைகாட்டுவது. தேவைப்படும்போது வந்து, முடிந்ததும் போய்விடும். சின்ன லப்டொப் திரையில் ரிப்பன் இடத்தைத் தின்னும் என்பது உண்மைதான். கண்ட்ரோலும் எஃப்1உம் சேர்த்து அழுத்தினால் சுருங்கிவிடும்.

ஆனால் எங்கள் பக்கத்துக் கடைகளுக்கு ரிப்பனில் ஒரு குறை உண்டு. பாமினி, ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் எழுத்துகளை வைத்திருக்கிற பழைய எழுத்துரு. அதில் டைப் பண்ணுகிறவர் நடுவில் ஆங்கிலப் பெயரோ மின்னஞ்சல் முகவரியோ வந்தால் எழுத்துருவை மாற்றவேணும், பிறகு திரும்பி வரவேணும். ஒரு பக்கத்துக்குள்ளேயே பலமுறை. எழுத்துருப் பெட்டியோ ஹோம் டேப்பில் மட்டும். இன்சர்ட் டேப்பில் நிற்கும்போது அது இல்லை. வேர்டுக்கு மாற்றான லிப்ரே ஒபிஸின் வழக்கமான கருவிப்பட்டையில், டைப் பண்ணும்போது அந்தப் பெட்டி எப்போதும் மேலே நிற்கும், காசும் இல்லை. பாமினிக் கடைக்கு என் தெரிவு அதுதான். வேர்டை விட மனமில்லாதவர்கள் ரிப்பனிலுள்ள எழுத்துருப் பெட்டியை வலது கிளிக் பண்ணி, விரைவு அணுகல் பட்டையில் சேர்த்துவிடலாம். எந்த டேப்பில் நின்றாலும் அது கண்ணில் படும். (தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் தனித்தனிக் குறியீடு தருகிற யுனிகோடுக்கு மாறினால் இந்தச் சிக்கலே இல்லை. அந்தச் சண்டை இன்னொரு நாளைக்கு.)

மறைப்பதில் அளவு மீறினால் என்ன நடக்கும் என்பதற்கு விண்டோஸ் 8 இருக்கிறது. 2012இல் ஸ்டார்ட் பொத்தானை எடுத்தார்கள், அடுத்த வருடம் 8.1இல் திரும்பக் கொண்டுவந்தார்கள்.

இனிப் போன். 2017இல் ஐபோன் எக்ஸ் ஹோம் பொத்தானைக் கைவிட்டது. 2019இல் அன்ட்ரொய்ட் 10 முழுச் சைகை முறையைத் தந்தது. கீழே மூன்று பொத்தான் இருந்த இடத்தில் ஒரு மெல்லிய கோடு. பழகிய இளசுகளுக்குப் பெரிய திரை, வேகம். ஆனால் விளிம்பிலிருந்து இழுத்தால் பின்னால் போகும் என்று திரையில் எங்கும் எழுதியில்லை, ஒருவர் காட்டித்தரவேணும். ஈரக் கையில் இன்னும் கஷ்டம். திரையிலுள்ள நீர்த்துளியையும் தொடுகை என்று போன் எடுத்துக்கொள்வதால் இழுவை பாதியில் அறுந்துபோகும். ஒரு தட்டு தட்டுவது அவ்வளவு தவறாது. சம்மாட்டிக்கு மூன்று பொத்தான்தான்.

படம் மட்டும் உள்ள பொத்தான்களையும் இதோடு சேர்க்கவேணும். தமிழ்ச் சொல் நீளமென்று, பெயரை வெட்டிவிட்டு வெறும் படத்தை வைக்கிற செயலிகள் உண்டு. மூன்று கோட்டைத் தட்டினால் மெனு வரும் என்பது தெரிந்தவருக்குத்தான் அது மெனு. இரண்டு வரியில் எழுதினாலும் பெயர் இருக்கட்டும்.

மூன்று பொத்தானுக்கு மாறும் வழி அன்ட்ரொய்ட் செட்டிங்ஸுக்குள் ஆழத்தில் கிடக்கிறது, போனுக்குப் போன் வேறு பெயரில். வாங்கிய அன்றே கடைப் பொடியனிடம் கொடுத்து மாற்றிக்கொள்ளலாம். ஒருமுறை செய்தால் போதும் என்பதால், அது ஒளிந்திருப்பதில் எனக்கு முறைப்பாடு இல்லை.