மொழிபெயர்ப்பாளரா, மொழி வகுப்பா?

சிங்களவரும் தமிழரும் சேர்ந்து வேலை செய்யும் இடத்தில் மொழிபெயர்ப்பாளரை வைப்பதா, ஊழியர்களுக்கு மொழி வகுப்பு நடத்துவதா? கொழும்பில் சிறு நிறுவனம் நடத்தும் நண்பர்கள் இருவர் கேட்ட கேள்வி இது. இலங்கை அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் 1987இல் தமிழையும் அரசகரும மொழியாக்கி, ஆங்கிலத்தை இணைப்பு மொழியாக்கியது. சரி, சிங்களத்தில் நடக்கும் கூட்டத்தில் வாய் திறக்கத் தயங்கும் தமிழ்ப் பிள்ளைக்கு என்ன வழி?

செலவு: மொழிபெயர்ப்பாளருக்கு மாதச் சம்பளம். வகுப்புக்கு ஆசிரியர் கட்டணம், அப்புறம் வேலை நேரமும் கொஞ்சம் போகும்.

வேகம்: மொழிபெயர்ப்பாளர் வந்த வாரமே சுற்றறிக்கைகள் தமிழில் வரும். வகுப்புக்குப் பொறுமை வேண்டும்.

நிலைப்பு: மொழிபெயர்ப்பாளர் விலகினால் பழைய கதைதான். படித்த மொழி ஆளோடு இருக்கும். பகல் சாப்பாட்டு மேசையில் பகிடி விடுவதற்கும், மனக்குறையை முகாமையாளரிடம் நேரே சொல்வதற்கும் நடுவில் ஒருவரை வைத்துக்கொள்ள முடியுமா? ஆனால் தமிழருக்குச் சிங்களம் மட்டும் படிப்பிக்கும் வகுப்பென்றால் வேண்டவே வேண்டாம். சிங்கள ஊழியர்களும் தமிழ் படிக்க வேண்டும், முகாமையாளர் முன்வரிசையில்.

நியமனக் கடிதம், ஒழுக்காற்று விசாரணை போல ஒரு சொல் பிசகினாலும் ஆளைப் பாதிக்கும் வேலை அதிகமென்றால் மொழிபெயர்ப்பாளர். பத்துப் பதினைந்து பேர் நாள் முழுக்க முகம் பார்த்து வேலை செய்யும் இடமென்றால் வகுப்பு.