லாங் பஜார் சந்தில் ஒரு வயர் கடை

மகன் விட்டுப்போன ஏவி ரிசீவரும் (ஒலியைப் பெருக்கி ஸ்பீக்கருக்கு அனுப்பும் பெட்டி) இரண்டு ஸ்பீக்கரும் வேலூர் சத்துவாச்சாரி வீட்டு ஹாலில் ஒரு வருஷமாகத் துணி போர்த்திக் கிடந்தன. மார்கழிக்குள் அதில் நாதஸ்வரம் கேட்டுவிடுவது என்று ஆன்லைனில் ஸ்பீக்கர் வயர் வரவழைத்தேன். அட்டையில் 'சுத்தச் செம்பு' என்று போட்டிருந்தது. கையில் எடுத்தால் கனமே இல்லை. 28 வருஷம் இயற்பியல் நடத்தியவள் நான், சும்மா விடுவேனா? ஒரு இழையைப் பிளேடால் சுரண்டினேன். உள்ளே வெள்ளை! அலுமினியத்துக்குச் செம்புப் பூச்சு. அலுமினியத்தின் மின்தடை செம்பைவிட ஒன்றரை மடங்குக்கும் அதிகம். அதுகூடப் போகட்டும், முனையை இரண்டு தடவை முறுக்கினால் ஒடிந்து கையோடு வருகிறது. திருப்பி அனுப்பிவிட்டேன்.

அப்புறம்தான் லாங் பஜார் சந்தில் இருக்கும் இந்தச் சின்னக் கடைக்குப் போனேன். 2.5 ஸ்கொயர் எம்எம் தடிமனில் வயர் கேட்டேன். கடைக்காரர் எடுக்கவில்லை, எவ்வளவு தூரம் என்று கேட்டார். தூரத்து ஸ்பீக்கருக்கு 6 மீட்டர் என்றேன்.

"அதுக்கு இவ்ளோ மொத்தமா இன்னாத்துக்கு டீச்சரம்மா? 1.5 போதும்."

அங்கேயே ஒரு காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். போக வர 12 மீட்டர், 1.5 செம்பு வயரில் தடை சுமார் 0.16 ஓம். ஸ்பீக்கரோ 8 ஓம். இரண்டு சதவீதம்தான், காதுக்குத் தெரியப் போவதில்லை. விலை அதிகமான சரக்கைக் கேட்டு வந்தவளுக்குக் குறைந்ததை எடுத்துக் கொடுத்த கடைக்காரரை நான் அதிகம் பார்த்ததில்லை. சிவப்பு கறுப்பு ஜோடி வயர், மீட்டர் 60 ரூபாய். நான் கேட்காமலேயே முனையைச் சீவி, சுரண்டியும் காட்டினார்.

வீட்டுக்கு வந்து அவசரத்தில் ஒரு ஸ்பீக்கரில் மட்டும் சிவப்பையும் கறுப்பையும் மாற்றிச் சொருகிவிட்டேன். நாதஸ்வரம் கேட்டது, தவில் மட்டும் தகர டப்பா. ஒன்று முன்னே தள்ளும்போது இன்னொன்று பின்னே இழுத்தால் அடித்தொனி எங்கே மிஞ்சும்? சரியாக மாற்றிச் சொருகியதும் தவில் நெஞ்சில் வந்து அடித்தது.

ஆனால் டிவியை இணைத்ததும் 'ங்ங்' என்று ஓயாத ரீங்காரம். அதற்காக, டிவியிலிருந்து ரிசீவருக்கு ஒலியைக் கொண்டுபோகும் ஆர்சிஏ கேபிளில் விலை கூடியதாக வாங்க மறுபடி போனேன். "செட்டாப் பாக்ஸுக்கு வர்ற கேபிளப் புடுங்கிட்டு கேளுங்க, அப்பறம் வாங்க" என்று அனுப்பிவிட்டார். பிடுங்கினேன், நின்றுவிட்டது. எர்த் இணைப்பு இரண்டு வழியாகச் சுற்றி வந்து, அதில் ஓடிய சின்ன மின்சாரம்தான் அந்த ரீங்காரம். அதற்கு 250 ரூபாய் ஆப்டிகல் கேபிள் கொடுத்தார். அதில் வெளிச்சம் மட்டும்தான் போகும், மின்சாரம் கிடையாது, சுற்று அறுந்தது. முனையிலிருக்கும் பிளாஸ்டிக் மூடியைக் கழற்றாமல் அரை மணி நேரம் போராடியதை இங்கே மட்டும் சொல்கிறேன்.

குறை இல்லாமல் இல்லை. அங்கே தொங்கும் ரெடிமேட் ஆர்சிஏ கேபிளை வாங்காதீர்கள், முனையிலுள்ள பின் லொடலொட என்று ஆடுகிறது. பில் கேட்டால்தான் வரும். வாசல் படி உயரம், என் முழங்காலுக்கு ஆகவில்லை. மதியம் 2 மணிக்கு மேல் ஷட்டர் பாதி இறங்கியிருக்கும். குனிந்து குரல் கொடுத்தால் வருவார்.