ஹாஸ்டல் பிள்ளைகளின் சனி, ஞாயிறு: நான்கு வகைப் பள்ளிகள், ஓர் ஒப்பீடு

பிள்ளையை ஹாஸ்டல் பள்ளியில் சேர்க்கப் போகிறவர்கள் விசாரிக்காத விஷயம் இல்லை. ரிசல்ட், ஃபீஸ், மெஸ் சாப்பாடு, வெந்நீர் வருமா, ஒரு ரூமில் எத்தனை பேர் என்று எல்லாம் கேட்பார்கள். "ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகள் என்ன செய்வார்கள்?" என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. பெண்கள் விடுதியில் வார்டனாக இருந்தவள் என்ற முறையில் சொல்கிறேன், முதலில் கேட்க வேண்டியது அதைத்தான்.

திங்கள் முதல் வெள்ளி வரை எல்லா ஹாஸ்டலும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் ஓடும். விடிவதற்கு முன் பெல், படிப்பு, டிபன், வகுப்பு, சாயங்காலம் கொஞ்சம் விளையாட்டு, மறுபடி ஸ்டடி, தூக்கம். பள்ளிக்குப் பள்ளி வித்தியாசம் தெரிவது சனி, ஞாயிறில். வீட்டிலிருந்து போய்வரும் பிள்ளைக்குத் தினமும் சாயங்காலம் தெரு இருக்கிறது, டிவி இருக்கிறது, சண்டை போட அண்ணன் இருக்கிறான். ஹாஸ்டல் பிள்ளைக்கு அந்த மாதிரி நேரம் கிடைப்பதே வாரக் கடைசியில்தான். அதையும் யார் எடுத்துக்கொள்கிறார்கள் என்று பார்த்தாலே அந்தப் பிள்ளை அங்கே எப்படி இருக்கிறது என்று பாதி தெரிந்துவிடும்.

நம் பக்கத்தில் நான் பார்த்தவரை நான்கு வகை உண்டு.

டெஸ்ட் எழுதும் ஞாயிறு

நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு வட்டாரத்து உறைவிடப் பள்ளிகள் ப்ளஸ் டூ மார்க்குக்காகப் பெயர் வாங்கியவை. அந்தப் பெயருக்குப் பின்னால் இருந்ததில் பெரும்பங்கு ஞாயிற்றுக்கிழமை டெஸ்ட். 2017-ல் தமிழக அரசு மாநில ரேங்க் அறிவிப்பதை நிறுத்தியது. அதே ஆண்டு மருத்துவப் படிப்புக்கு நீட் வந்தது. ரேங்க் போனது, ஞாயிறு டெஸ்ட் போகவில்லை, கேள்வித்தாள்தான் மாறியது.

இதற்கு ஆசிரியர்கள் சொல்லும் நியாயத்தைத் தள்ளிவிட முடியாது. நீட் தேர்வே ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் 2 மணிக்குத்தான் தொடங்குகிறது, மூன்று மணி நேரம். சாப்பிட்டதும் கண் சொருகும் நேரத்தில் மூளையைப் பழக்க வேண்டாமா என்பார்கள். ப்ளஸ் டூ படிக்கிற, டாக்டராக வேண்டும் என்று தானே விரும்புகிற பிள்ளைக்கு அது சரி. எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் அதே ஞாயிறை அப்படியே போடுவதைத்தான் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

இந்த வகையில் கெட்டுப்போவது முதலில் தூக்கம். 13 முதல் 18 வயது வரை உள்ளவர்களுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்பது மருத்துவர்கள் ஒப்புக்கொண்ட கணக்கு. இரவு பத்தரைக்குப் படுத்து ஐந்துக்கு எழுகிற பிள்ளைக்கு ஆறரை மணி நேரம்கூட முழுதாகக் கிடைக்காது. வாரம் முழுக்கச் சேர்ந்த அந்தக் கடனை ஞாயிறு காலை இரண்டு மணி நேரமாவது அடைக்க வேண்டும். டெஸ்ட் காலையில் என்றால் அதுவும் இல்லை.

நிகழ்ச்சி நிறைந்த வாரக் கடைசி

இது மலைப் பள்ளிகளின் வழக்கம். 1858-ல் தொடங்கிய லவ்டேல் லாரன்ஸ், 1901-ல் தொடங்கிய கொடைக்கானல் இன்டர்நேஷனல் போன்றவை வகுப்புக்கு வெளியே நடப்பதையும் படிப்பாகவே நினைத்து வளர்ந்தவை. மலையேற்றம், முகாம், நாடகம், இசை, மாலையில் படம் என்று சனி, ஞாயிறு நிறைந்திருக்கும். ஆண்டுக்குப் பல லட்சம் கட்டணம், அதனால் இது நமக்கில்லை என்று பெரும்பாலானவர்கள் ஒதுங்கிவிடுகிறார்கள். ஆனால் இதில் உள்ள நல்லது மலையோடும் பணத்தோடும் கட்டிப் போட்டதல்ல. ராசிபுரத்திலிருந்து கொல்லிமலை கண்ணுக்குத் தெரிகிற தூரம். நாமக்கல் கோட்டை மலை ஏறி இறங்க ஒரு காலைப் பொழுது போதும். இரண்டு ஆசிரியர்கள், ஒரு பஸ், கட்டுச் சோறு, அவ்வளவுதான் செலவு.

உடம்பைப் பொறுத்தவரை இந்த வகைக்கு எதுவும் ஈடில்லை. 5 முதல் 17 வயது வரை தினமும் சராசரியாக ஒரு மணி நேரமாவது மூச்சு வாங்கும்படி உடம்பு அசைய வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். படிப்பு ஹாஸ்டலில் வார நாளில் அது நடக்காது. புதிதாகச் சேர்ந்த பிள்ளைக்கும் இதுவே நல்லது. வீட்டு ஏக்கம் ஸ்டடி ஹவரில் வருவதைவிட வேலையில்லாத நேரத்தில்தான் அதிகம் வரும். முதல் இரண்டு மாதம் ஆறாம் வகுப்புப் பிள்ளையின் ஞாயிறு மதியத்தைக் காலியாக விட்டால், அது கட்டிலில் படுத்துக்கொண்டு சுவரைப் பார்த்து அழும்.

ஒரு குறை உண்டு, அதைப் பெற்றோர் கவனிப்பதில்லை. எல்லா நிகழ்ச்சிக்கும் எல்லாரும் வந்தே ஆக வேண்டும் என்றால் அதுவும் ஒரு வகுப்புதான். கூச்சப்படுகிற பிள்ளை, விளையாட்டில் தோற்றுக்கொண்டே இருக்கிற பிள்ளை, இவர்களுக்குச் சனிக்கிழமை என்றால் இன்னொரு இடத்தில் கடைசியாக நிற்பது என்று அர்த்தம். "எனக்கு இன்றைக்கு வேண்டாம், நான் லைப்ரரியில் இருக்கிறேன்" என்று சொல்ல முடிகிறதா என்பதுதான் இங்கே உரைகல்.

வீட்டுக்குப் போகும் வாரக் கடைசி

அரசின் ஆதிதிராவிடர் நல விடுதிகளிலும் பிற்படுத்தப்பட்டோர் நல விடுதிகளிலும் (2025-ல் சமூகநீதி விடுதிகள் என்று பெயர் மாற்றப்பட்டவை) வீடு பக்கமாக உள்ள பிள்ளைகள் வெள்ளிக்கிழமை சாயங்காலம் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிடுவார்கள். இரண்டு மணி நேரப் பயணத்துக்குள் வீடு இருந்தால் இதைவிட நல்ல வாரக் கடைசி எதுவும் இல்லை என்பேன். அம்மா கைச் சோறு, தம்பி தங்கை, ஊர்த் திருவிழா எதுவும் விட்டுப்போகாது. ஹாஸ்டலில் ஏதாவது தப்பு நடந்தாலும் ஒரு வாரத்துக்குள் வீட்டுக்குத் தெரிந்துவிடும். தூரம் கூடினால் கணக்கு மாறும். போக ஐந்து மணி நேரம், வர ஐந்து மணி நேரம் என்றால் பிள்ளை அசந்துபோய்த் திங்கட்கிழமை வகுப்பில் தூங்கும், அல்லது திங்கட்கிழமை வரவே வராது. பெண் பிள்ளைகளுக்கு வீட்டு வேலை ஒரு பக்கம் காத்திருக்கும்.

இங்கே எனக்குக் கவலை, மிஞ்சிப்போகும் பிள்ளைகளைப் பற்றி. ஜவ்வாது மலை, கல்வராயன் மலைப் பக்கத்துப் பெற்றோர் பலர் வேலை தேடிக் கேரளத்துக்கும் கர்நாடகக் காப்பித் தோட்டங்களுக்கும் போய்விடுகிறார்கள். அவர்கள் பிள்ளைகளுக்குப் போக வீடு பூட்டிக் கிடக்கும். அறுபது பேர் இருந்த விடுதியில் ஐந்தாறு பேர் மட்டும் இருக்கும் சனிக்கிழமை இரவு எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அந்த ஐந்தாறு பேருக்காகச் சமைக்க ஆள் இருப்பதே பெரிது. கேரம் போர்டு எடுத்துக் கொடுக்க, கூட உட்கார்ந்து பேச யாரும் இருக்கமாட்டார்கள். அரசு இதற்கென்று ஒரு பொறுப்பாளரைப் போட வேண்டும். பெரிய செலவு பிடிக்கிற வேலை இல்லை.

விட்டுவிட்ட ஞாயிறு

பெல் இல்லை, டெஸ்ட் இல்லை, நிகழ்ச்சியும் இல்லை. பெற்றோருக்கு இதைக் கேட்டாலே பயம். "சும்மா விட்டால் கெட்டுப்போவார்கள்" என்பார்கள்.

பெண்கள் விடுதியில் ஞாயிறு காலை எப்படி இருக்கும் தெரியுமா? துவைக்கிற கல்லைச் சுற்றி வாளிகள் வரிசையாக நிற்கும். ஒருத்தி யூனிஃபார்ம் காலரைத் தேய்ப்பாள், இன்னொருத்தி அலசிப் பிழிவாள். குளித்து வந்தவர்கள் படிக்கட்டில் ஒருத்திக்குக் கீழ் ஒருத்தியாக உட்கார்ந்து ஈரத் தலையை உலர்த்துவார்கள், பேன் பார்ப்பார்கள், பின்னிவிடுவார்கள். முகம் பார்க்காமல் முதுகுப் பக்கம் உட்கார்ந்து பேசும்போது வாய் தானாகத் திறக்கும். அப்பா குடித்துவிட்டு வருகிறார், கணக்கு மிஸ்ஸுக்கு என்னைப் பிடிக்கவில்லை, எனக்கு மூன்று மாதமாக மாதவிடாய் வரவில்லை என்பதெல்லாம் நான் அந்தப் படிக்கட்டில் கேட்டவை. கவுன்சிலர் அறையில் நாற்காலி போட்டுக் கேட்டபோது இதே பிள்ளைகள் "ஒண்ணும் இல்ல மேடம்" என்றார்கள்.

அதனால் சும்மா இருக்கும் நேரத்தை நான் விட்டுக்கொடுக்கமாட்டேன். ஜே. கிருஷ்ணமூர்த்தி தொடங்கிய ரிஷி வேலி பள்ளியில், மதனப்பள்ளி பக்கம், பிள்ளைகள் சூரியன் மறைவதைப் பார்த்துக்கொண்டு பேசாமல் உட்காரும் பழக்கம் ஒன்று உண்டு, அஸ்தாசல் என்பார்கள். ஒரு பள்ளியே சும்மா இருப்பதற்கு நேரம் ஒதுக்க முடியும் என்பதற்கு இதைச் சொல்கிறேன்.

ஆனால் பெரியவர்கள் பக்கத்தில் இருக்க வேண்டும். அதுதான் முக்கியம். வார்டனும் லீவு போட்டுவிட்டு, வாட்ச்மேன் மட்டும் கேட்டில் இருக்கும் ஞாயிறில்தான் பெரிய பையன்கள் சின்னப் பையன்களைத் துணி துவைக்கச் சொல்வதும் அடிப்பதும் நடக்கிறது. கண்காணிப்பே இல்லாத நேரத்துக்கு ஓய்வு என்று பெயர் வைக்க முடியாது.

போன் எங்கே இருக்கிறது?

நான்கு வகைக்கும் பொதுவான ஒன்று, வீட்டோடு பேசுவது. பெரும்பாலான ஹாஸ்டலில் ஞாயிறுதான் போன் நாள். வார்டன் மேசை மேல் போன், பின்னால் இருபது பேர் வரிசை, ஆளுக்கு ஐந்து நிமிடம். "நல்லா இருக்கேன்மா, சாப்ட்டேன்மா, சரிம்மா" என்று பிள்ளை வைத்துவிடும். வார்டன் காது கேட்கிற தூரத்தில் வேறென்ன சொல்ல முடியும்? போன் வராந்தாவின் கோடியில் இருந்தால் அதே பிள்ளை வேறு மாதிரி பேசும். பதினைந்து நிமிட நிகழ்ச்சியைக் குறைத்தாவது இந்த நேரத்தைக் கூட்ட வேண்டும் என்று நான் வாதாடியிருக்கிறேன்.

பெற்றோர் வரும் ஞாயிறுக்கும் இது பொருந்தும். வேப்பமரத்தடியில் பாய் விரித்து, டிபன் கேரியரைத் திறந்து, பிரியாணி பரிமாறிக்கொண்டே "கெமிஸ்ட்ரில ஏன் 62?" என்று தொடங்குகிற குடும்பங்கள் நிறைய. மார்க் ஷீட் பள்ளியே அனுப்பும். அந்த மூன்று மணி நேரத்தைப் பிள்ளைக்கு விட்டுவிடுங்கள். அவர்கள் கிளம்பிப் போன பிறகு வரும் ஏழு மணி ஸ்டடி ஹவர்தான் வாரத்திலேயே கனமான நேரம். அன்றைக்கு மட்டும் ஸ்டடியை எடுத்துவிட்டுப் படம் போடும் பள்ளி, பிள்ளைகளை அறிந்த பள்ளி.

சரி, எதைத் தேர்ந்தெடுப்பது?

வயதைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். ஆறு முதல் எட்டு வரை: வீடு பக்கம் என்றால் வாராவாரம் வீட்டுக்கு விடும் விடுதி. தூரம் என்றால் சனிக்கிழமை நிகழ்ச்சி நிறைந்தும் ஞாயிறு தளர்ந்தும் இருக்கும் பள்ளி. டெஸ்ட் ஞாயிறு இந்த வயதுக்கு வேண்டவே வேண்டாம். எவ்வளவு நல்ல ரிசல்ட் காட்டினாலும் வேண்டாம். ஒன்பது, பத்து: நண்பர்கள்தான் உலகம், விட்டுவிட்ட ஞாயிறு இந்த வயதுக்குத்தான் மிகவும் தேவை, பெரியவர் ஒருவர் கண் பார்வையில் இருக்கும்படி. ப்ளஸ் ஒன், ப்ளஸ் டூ: ஞாயிறு பிற்பகல் டெஸ்ட் இருக்கட்டும், ஆனால் காலைத் தூக்கமும் டெஸ்ட் முடிந்த சாயங்காலமும் பிள்ளைக்கே சொந்தம் என்றால் மட்டும்.

இன்னொன்றும் கேளுங்கள்: திங்கட்கிழமை காலை டெஸ்ட் உண்டா? உண்டு என்றால் அந்தப் பள்ளியில் ஞாயிறு லீவு இல்லை. ஒன்றிய கல்வி அமைச்சகம் 2024 ஜனவரியில் பயிற்சி மையங்களுக்குத் தந்த வழிகாட்டுதலில், வார விடுமுறை கட்டாயம், விடுமுறைக்கு மறுநாள் டெஸ்ட் வைக்கக் கூடாது என்று தெளிவாகவே இருக்கிறது. அது பயிற்சி மையங்களுக்கு எழுதியது. பதினோரு வயதுப் பிள்ளைகளை வைத்திருக்கும் ஹாஸ்டல் பள்ளி அதைவிடக் குறைவாக நடந்துகொள்ள என்ன நியாயம் இருக்கிறது?

பள்ளியைப் பார்க்கப் போவதாக இருந்தால் அட்மிஷன் நாளில் போகாமல் ஒரு சாதாரண ஞாயிறு சாயங்காலம் நாலு மணிக்குப் போங்கள். மைதானத்தில் யார் இருக்கிறார்கள், வார்டன் இருக்கிறாரா, போன் எங்கே வைத்திருக்கிறார்கள், குழந்தைகள் உதவி எண் 1098-ம் மனநல உதவி எண் 14416-ம் சுவரில் எழுதியிருக்கிறதா, எழுதியிருந்தால் பிள்ளை யாரிடமும் கேட்காமல் அதற்கு அழைக்க முடியுமா என்று பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை உள்ளே விடமாட்டோம் என்றால் அடுத்த பள்ளியைப் பார்க்கலாம்.